துலக்கிய பித்தளையும் அழிந்த எழுத்தும்: கிள்ளான் பள்ளத்தாக்குப் பழம்பொருட்கடைகளின் காட்சியமைப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழம்பொருள் விற்கும் கடைகளில் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு வேலை நடைபெறும். வாசலை ஒட்டிய மேசையில் இருந்தவை உள்ளே போகும். உள்ளே தூசு படிந்து கிடந்தவை முன்னே வரும். பித்தளை துலக்கப்படும், மரச்சாமான்களுக்கு எண்ணெய் பூசப்படும், விலைச்சீட்டு புதிதாக எழுதப்படும். மீண்டும் வரும் வாடிக்கையாளருக்குக் கடை புதிதாகத் தோன்ற வேண்டும் என்பதே இதன் நோக்கம். வணிகத்தில் இது மிகச் சாதாரணமான செயல். வரலாற்று ஆய்வாளர் கவனத்துக்கு உரியதாக இதனை எவரும் கருதுவதில்லை.

ஆயினும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளானிலும் இத்தகைய கடைகளில் நாம் காணும் பொருள்களுள் கணிசமானவை மலாயாத் தமிழர் புழங்கியவை. பால் மரம் சீவும் கத்தி, காண்டாக் கம்பு, பித்தளைக் குடம், தகரப் பெட்டி, கரி இஸ்திரிப் பெட்டி, சாமி படம் எனப் பட்டியல் நீளும். இவற்றைப் பயன்படுத்தியோர் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். தம் வாழ்க்கையை நூலாக்கியவரும் மிகச் சிலரே. தோட்ட நிர்வாகத்தின் ஆவணங்கள் அவர்களைப் பெயர்ப்பட்டியலாகவும் கூலிக் கணக்காகவுமே பதிந்துள்ளன. ஆகவே அவர்கள் கைபட்ட பொருள்களே அவர்களைப் பற்றிய முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன.

கடைக்காட்சியை மாற்றியமைக்கும்போது இச்சான்றுகளுக்கு என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பொருள்கள் கடைக்கு வந்து சேரும் வழி, காட்சியமைப்பின் இயல்பு, அதனால் மறையும் செய்திகள், அவற்றைக் காப்பதற்கு நாம் செய்யக்கூடியவை என்னும் வரிசையில் செய்திகள் அமைகின்றன.

கடையும் பெட்டியும் முதலும்

பழம்பொருள் வணிகத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று சொற்களை முதலில் நினைவுகூரலாம். மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் 'கெடாய்', பெட்டியைக் குறிக்கும் 'பெத்தி', முதலீட்டைக் குறிக்கும் 'மோடால்' ஆகிய மூன்றும் முறையே கடை, பெட்டி, முதல் என்னும் தமிழ்ச் சொற்களின் வழிவந்தவை. தோட்டத் தொழிலாளர் வருகைக்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர் இத்தீபகற்பத்தில் கடை விரித்திருந்தனர் என்பதற்கு இச்சொற்கள் சான்று பகர்கின்றன.

மூக்குடைய நீர்க்கலனைக் குறிக்கும் 'கெண்டி' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. தமிழிலும் மலாயிலும் வழங்கும் இச்சொல்லை வடமொழிக் 'குண்டிகா'வோடு தொடர்புபடுத்துவர். 1954இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழக ஆசியக் கலை அருங்காட்சியகம் தனது கெண்டித் தொகுப்பினால் பரவலாக அறியப்படுகிறது. அருங்காட்சியகத்தில் உள்ள கெண்டி, அது செய்யப்பட்ட இடம், காலம் போன்ற குறிப்புகளோடு காக்கப்படும் பொருள். பழம்பொருட்கடையில் உள்ள கெண்டிக்கோ விலைச்சீட்டு மட்டுமே உண்டு. பொருள் ஒன்றாகவே இருப்பினும், ஓரிடத்தில் அது சான்று, மற்றோரிடத்தில் சரக்கு.

தோட்டத்திலிருந்து கடைக்கு

இப்பொருள்கள் கடைக்கு வந்த வழியை அறிய நில வரலாற்றை நோக்குதல் வேண்டும். தென்னிந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்கும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியின் துணையுடன் கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் உதவிபெற்று வரும் குடிநுழைவும் முடிவுற்றது. 1926 முதல் 1973 வரை கடலில் இயங்கிய 'ரஜூலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பயணிகளை ஏற்றிவந்தது. இன்று கடைகளில் காட்சிக்கு வைக்கப்படும் தகரப் பெட்டிகளுட் பல இத்தகைய கப்பல்களில் வந்தவையாக இருத்தல் கூடும். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய தாள் கிழியாதிருந்தால் அதனை உறுதிசெய்ய இயலும்.

1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது முதல் அலையாக மக்கள் வெளியேறினர். அதற்கு மாற்றாகவே துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் நகர விரிவே பெருங்காரணமாயிற்று. பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா 1970களில் சீஃபீல்ட் தோட்டத்து நிலத்தில் உருவாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே பணிமனை நிலம் கைமாறி, 2001இல் அங்கே கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பம் எதை எடுத்துச் செல்லும்? அம்மியையும் ஆட்டுரலையும் பல மாடி ஏற்றுவது எளிதன்று. அரைக்கும் பொறி வந்தபின் அவற்றுக்குத் தேவையும் இல்லை. பித்தளை அண்டாவை வைக்க இடமில்லை. மரம் சீவும் கத்திக்கு மரமே இல்லை. 'பேப்பர் லாமா' என ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு குடியிருப்புக்குள் வரும் லாரிக்காரரிடம் பழைய செய்தித்தாளோடு இவையும் எடைக்குப் போடப்பட்டன. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கும், அங்கே கண்ணுக்குப் பட்டவை பழம்பொருள் வணிகரிடமும் சென்றன.

பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கோர்ப் மாலில் பல்லாண்டுகளாக வார இறுதிகளில் நடைபெற்றுவந்துள்ள பழம்பொருட்சந்தை இவ்வணிகத்தின் பரவலாக அறியப்பட்ட களங்களுள் ஒன்று. ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த ஒரு நகரில் மரம் சீவும் கத்தி பழம்பொருளாக விலைபோவதில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

காட்சியமைப்பின் இயல்பு

பழம்பொருள் வணிகத்துக்கும் பிற வணிகத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மளிகைக் கடையில் விற்ற பொருளுக்கு ஈடாக அதே பொருள் மீண்டும் வரும். பழம்பொருட்கடையில் ஒவ்வொரு பொருளும் தனி. விற்றால் மீண்டும் கிடையாது. விற்காத பொருளோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். அடிக்கடி வரும் வாடிக்கையாளரின் கண் அதற்குப் பழகிவிடும். பழகிய பொருளை அவர் பார்ப்பதே இல்லை. அதே பொருளை இடம் மாற்றி, உயர்த்தி, வேறொன்றின் அருகே வைத்தால் புதுச் சரக்கு என எண்ணி எடுத்துப் பார்ப்பார். காட்சியை மாற்றுவதன் அடிப்படை இதுவே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் 1897இல் கடைச் சாளரக் காட்சிக்கென்றே ஒரு மாத இதழைச் சிக்காகோவில் தொடங்கினார். 1900இல் அவர் எழுதிய ஓஸ் நாட்டுச் சிறுவர் கதை உலகப் புகழ்பெற்றது. அதே ஆண்டில் அவர் சாளர அலங்காரம் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். காண்போர் மனத்தில் ஒரு கதையை எழுப்புவதே விற்பனைக்கு வழி என்பதை அத்துறையினர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளில் நாம் கண்டவரை காட்சிகள் மூன்று வகையாக அமைகின்றன. முதலாவது, வகைப்படி அமைத்தல்: விளக்கெல்லாம் ஓரிடத்தில், அடுக்குச்சட்டியெல்லாம் ஓரிடத்தில். இரண்டாவது, நிறமும் உயரமும் பார்த்து அமைத்தல். மூன்றாவது, ஒரு வீட்டின் அறைபோல அமைத்தல்: சாய்வு நாற்காலி, அதனருகே வானொலிப் பெட்டி, மேலே சாமி படம். மூன்றாவது வகையே வாங்குவோரை மிகவும் கவர்கிறது. ஆனால் அந்த அறை எவருடைய அறையும் அன்று. நாற்காலி கிராணி வீட்டிலிருந்து வந்திருக்கும். வானொலி சீனர் ஒருவரின் கடையிலிருந்து வந்திருக்கும். படம் ஒரு லயத்து வீட்டில் தொங்கியிருக்கும். அம்மூவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்திருக்க வாய்ப்பில்லாத சமுதாய அமைப்பு அக்காலத்தில் நிலவியது. கடையின் காட்சி அவ்வேறுபாட்டை அழித்து, இனிய பழங்காலம் ஒன்றை உருவாக்கித் தருகிறது.

மானிடவியலாளர் இகோர் கோபிடாஃப் 1986இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதருக்கு இருப்பதுபோலப் பொருளுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்றும், ஒரே பொருள் ஒரு காலத்தில் சரக்காகவும் மற்றொரு காலத்தில் விற்கக்கூடாத உடைமையாகவும் மாறும் என்றும் விளக்கினார். தாய் வீட்டுச் சீராக வந்த குடம் அக்குடும்பத்தில் இருந்தவரை சரக்கு அன்று. எடைக்குப் போட்ட நாளில் அது உலோகம் ஆயிற்று. கடை மேசையில் ஏறிய நாளில் மீண்டும் சரக்கு ஆயிற்று. வாங்கியவர் வீட்டு முகப்பில் பூ மிதக்கவிடும் பாத்திரமாக நான்காம் பிறவி எடுக்கிறது. இப்பிறவிகளுக்கிடையே முந்தைய நினைவு கைமாறுவதில்லை என்பதே நம் கவலைக்குக் காரணம்.

பெயர் வெட்டிய பாத்திரங்கள்

பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் தமிழர் நன்கறிந்தது. பாத்திரக் கடையில் வாங்கியவுடன் சிறு உளியாலும் சுத்தியாலும் புள்ளி புள்ளியாகப் பெயர் பொறித்துத் தருவர். பிற்காலத்தில் இதற்கு மின்பொறி வந்தது. விருந்துக்கு இரவல் போகும் பாத்திரம் திரும்பி வர வேண்டும் என்பது ஒரு காரணம். சீர் கொடுத்தவர் பெயர் நிலைக்க வேண்டும் என்பது மற்றொரு காரணம். கோயிலுக்கு அளித்த குத்துவிளக்கிலும் தாம்பாளத்திலும் உபயதாரர் பெயரும் ஊரும் நாளும் காணப்படும்.

கல்வெட்டையும் செப்பேட்டையும் பயின்ற நமக்கு இவற்றின் அருமை தெரிந்திருக்க வேண்டும். கொடுத்தவர், பெற்றவர், ஊர், காலம் என்னும் கூறுகள் கோயிற் கல்வெட்டில் அமைவதுபோலவே இங்கும் சுருக்கமாக அமைகின்றன. இரண்டு கூறுகளில் இவை தனிச்சிறப்பு உடையவை. ஒன்று, இவற்றில் பெண்பெயர்கள் மிகுதி. தோட்ட ஆவணங்களில் எண்ணாகவும் இன்னாரின் மனைவியாகவும் இடம்பெற்றவர், தம் குடத்தின் கழுத்தில் தம் பெயராலேயே விளங்குகிறார். மற்றொன்று, இவற்றில் தமிழகத்துச் சிற்றூர்ப் பெயரோ மலாயாத் தோட்டத்தின் பெயரோ வருவதுண்டு. இரண்டும் சேர்ந்து வருமாயின் அஃது ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வையே காட்டும் ஆவணமாகும்.

எழுத்து வடிவமும் காலத்தைக் கணிக்க உதவும். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன் ணை, லை, ளை, னை ஆகியவை கொம்புடனும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவுடனும் எழுதப்பட்டன. இப்பழைய வடிவங்கள் ஒரு பாத்திரத்தில் இருப்பின் அது பெரும்பாலும் அச்சீர்திருத்தத்துக்கு முற்பட்டது எனக் கொள்ளலாம். எனினும் முதிய கைவினைஞர் பழகிய வடிவத்தைப் பின்னரும் வெட்டியிருத்தல் கூடுமாதலின், இதனைத் துணைச்சான்றாகவே கொள்ளுதல் பொருந்தும்.

இப்பொறிப்புகள் ஆழமற்றவை. வீட்டில் புளியிட்டுத் தேய்த்ததால் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக மங்கியவை அவை. கடையில் காட்சியை மாற்றும்போது நிகழ்வது வேறு. கறுத்த பித்தளையை விரைவில் மின்னச் செய்ய மெருகுச் சக்கரத்தைப் பயன்படுத்துவர். தேய்மானம் கண்ட புள்ளிகள் அதில் சில நிமிடங்களில் மறைந்துவிடும். சில வணிகர் வேண்டுமென்றே அழிப்பதும் உண்டு. பிறர் பெயர் உள்ள பொருளை வீட்டில் வைக்க வாங்குவோர் தயங்குவர் என்பது அவர்கள் கூறும் காரணம்.

இங்கு நமது தவறு ஒன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். கிள்ளானில் ஒரு கடையின் பின்கட்டில், கறுத்துப்போன ஒரு குடத்தின் கழுத்தில் தமிழ்ப் பொறிப்பைக் கண்டோம். ஒரு தலைப்பெழுத்து, ஒரு பெண்பெயர், தோட்டம் என்னும் சொல், 193 எனத் தொடங்கி இறுதி இலக்கம் தேய்ந்த ஓர் ஆண்டு ஆகியவை புலப்பட்டன. தோட்டத்தின் பெயர் அழுக்கில் மறைந்திருந்தது. வேறு வேலையாகச் சென்றிருந்தமையால் அடுத்த முறை முறையாகப் படியெடுக்கலாம் என எண்ணித் திரும்பினோம். மூன்று வாரம் கழித்துச் சென்றபோது கடையின் முகப்பு மாறியிருந்தது. அக்குடம் வாசல் மேசையின் நடுவே பொன்போல் மின்னிக்கொண்டிருந்தது. அதன் கழுத்து வழவழப்பாக இருந்தது. கடைக்காரர் பெருமையுடனேயே அதனைக் காட்டினார். அவர் தம் தொழிலைச் செவ்வனே செய்திருந்தார். நாம் நம் தொழிலைச் செய்யவில்லை. அப்பெண்மணி எத்தோட்டத்தில் வாழ்ந்தார் என்பதை இனி அக்குடத்திலிருந்து அறிய வழியில்லை.

மிதிவண்டி சொல்லாத செய்தி

எழுத்து இல்லாத பொருள்களின் நிலை இதனினும் நுட்பமானது. இதற்குக் கிள்ளான் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். பழைய ஆங்கிலேய மிதிவண்டி பழம்பொருட்கடையின் முகப்புக்கு மிகவும் ஏற்ற பொருள். உயரமானது, தொலைவிலிருந்தே தெரியும், பின்னிருக்கையில் பூச்செடியோ பிரம்புக் கூடையோ வைக்கலாம். காண்போர் நின்று படமெடுத்துச் செல்வர்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை நிறுத்தல், சங்கம் அமைக்கும் உரிமை முதலியன அவர்களின் கோரிக்கைகள். அவற்றோடு மற்றொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து அலுவலரோ எதிர்ப்படும்போது தொழிலாளர் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும் என்பது. நாதன் மே மாதத்தில் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் நாடுகடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர்.

ஊதியக் கோரிக்கையோடு மிதிவண்டிக் கோரிக்கையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை ஊன்றி நோக்கத்தக்கது. சொந்த உழைப்பில் வாங்கிய வண்டியில் நிமிர்ந்து அமர்ந்து செல்வது தன்மானத்தின் அடையாளமாயிற்று. அதே கிள்ளானில் இன்று கடை முகப்பில் நிற்கும் மிதிவண்டி, பூக்கூடையுடன் இனிய பழமையை நினைவூட்டுகிறது. அந்த வண்டி அக்காலத்துத் தொழிலாளர் ஒருவருடையது என நாம் கூறவில்லை. அதற்குச் சான்று இல்லை. பொருளைச் சுற்றி வைக்கப்படுபவை அதன் பொருளையே மாற்றிவிடுகின்றன என்பதே நம் கருத்து. பூக்கூடைக்குப் பதிலாக நான்கு வரியில் ஓர் அட்டை இருந்தால், காண்பவர் அவ்வண்டியை வேறு கண்ணால் பார்ப்பார்.

தாச்சிங் எனப்படும் கைத்தராசுக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 605 கிராம் கொண்ட கட்டி நிறையில் எடைபோட்ட கருவி அது. 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப்பின் மெட்ரிக் முறை பரவியதும் வழக்கொழிந்து சுவர் அலங்காரமாயிற்று. வாழைமர நோட்டு எனப்படும் ஜப்பானியர் காலப் பத்து வெள்ளித் தாள் கண்ணாடிச் சட்டத்துள் விற்பனைக்கு உள்ளது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் குடும்பங்களின் கையில் எஞ்சியதும் அத்தாளே. போர் முடிந்ததும் அதற்கு மதிப்பில்லாமற் போயிற்று. சட்டத்துள் அச்செய்தி இல்லை.

அருங்காட்சியகமும் கடையும்

கடை செய்யாததை அருங்காட்சியகம் செய்யும் என விட்டுவிடலாமா என்னும் வினா எழலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தேசிய அருங்காட்சியகம் உள்ளது. அவ்விடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945இல் நேசநாட்டு விமானக் குண்டுவீச்சில் அதன் ஒரு பகுதி அழிந்தது. அந்த இடத்தில் எழுந்த புதிய கட்டடம் 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்டது. ஒரு நாட்டின் முழு வரலாற்றையும் கூற வேண்டிய அரங்குகளில் ஒரு சமூகத்தின் வீட்டுச் சாமான்களுக்குக் கிடைக்கும் இடம் இயல்பாகவே சிறிது.

எளிய மக்களின் பொருள்களுக்கென்றே அமைந்த காட்சியகங்களும் உலகில் உண்டு. ஆர்தர் ஹசேலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் நிறுவிய ஸ்கேன்சன் திறந்தவெளி அருங்காட்சியகம் இவற்றுக்கு முன்னோடி. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு முதலியவை பெயர்த்துக்கொணர்ந்து மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. சிங்கப்பூர் கேம்பல் லேனில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் 19ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு வாயில் ஒன்று இடம்பெற்றுள்ளது.

இதற்கு மறுபக்கமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைக் கூறலாம். மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய பொருளால் எழுந்த வீடுகள் பிரிக்கப்படும்போது அவற்றின் தூண்களும் கதவுகளும் மங்குச் சட்டிகளும் இத்தெருக் கடைகளுக்கு வருகின்றன. கோலாலம்பூர் லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் கணக்கெழுதிய பெட்டிகளும் அவற்றுள் இருத்தல் கூடும். ஒரே வகைப் பொருள் ஓரிடத்தில் வரலாறாகவும் ஓரிடத்தில் உதிரியாகவும் நிற்கிறது. வேறுபாடு பொருளின் தரத்தில் இல்லை; உடன்வந்த குறிப்பு காப்பாற்றப்பட்டதா இல்லையா என்பதில்தான் உள்ளது. குறிப்பை இழந்த பொருளைப் பின்னாளில் அருங்காட்சியகமே வாங்கினாலும், அதனால் கூற முடிவது மிகச் சிறிதே.

சட்டமும் பதிவேடும்

மலேசியாவில் பழைய பொருள் வாங்கி விற்போர் 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டத்துக்கு உட்பட்டவர். உரிமம் பெறுதலும், வாங்கிய பொருள்களைப் பதிவேட்டில் எழுதிவைத்தலும் அவர்தம் கடமைகள். திருட்டுப் பொருளைக் கண்டறிவதே இதன் நோக்கம். 2006 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்த 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், மரபுடைமைப் பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதற்கு உரிமம் தேவை என வகுத்துள்ளது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளையும் தொல்பொருள் எனக் கொள்கிறது.

தோட்டத்துப் பித்தளைக் குடத்தையோ பால் வாளியையோ மரபுடைமையாகப் பதிவுசெய்ய எவரும் முன்வருவதில்லை. ஆயின், பதிவேடு என்னும் கருவி வணிகர் கையில் ஏற்கெனவே உள்ளது. எவரிடமிருந்து, எந்நாளில் வாங்கினோம் என்பதோடு, 'முன்பு எங்கே இருந்தது' என்னும் ஒரு வரியையும் சேர்த்து எழுதினால், திருட்டைத் தடுக்க எழுந்த ஏடு வரலாற்றைக் காக்கும் ஏடாகவும் அமையும்.

இவ்விடத்தில் வணிகர் தரப்பையும் நேர்மையுடன் நோக்குதல் கடன். அவர் கடை வாடகை கட்ட வேண்டியவர். கறுத்த குடம் விற்பனையாகாது. மேலும், வறுமையால் பொருளை விற்ற குடும்பம் தன் பெயர் கடை வாசலில் காட்சியாவதை விரும்பாமல் இருக்கலாம். அது மதிக்கத்தக்க உணர்வு. ஆகவே பெயரை அழிக்காதீர் என வணிகரை வற்புறுத்துவது நம் கோரிக்கை அன்று. துலக்குவதற்கு முன் ஒரு நாள் நமக்குத் தருமாறு கேட்பதே நம் கோரிக்கை.

அந்த ஒரு நாளில் செய்ய வேண்டியவை எளியவை. பாத்திரத்தை மென்துணியால் மட்டும் துடைத்து, பொறிப்பின்மீது மாவுத்தூளை மெல்லத் தடவினால் புள்ளிகள் வெண்மையாகத் தெரியும். விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் புலப்படும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் படியெடுக்கலாம். பின்னர் உயரம், எடை, எழுத்து உள்ள இடம், கடைக்காரர் சொன்ன செய்தி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சொன்ன செய்தியையும் நாம் கண்டதையும் தனித்தனியே எழுதுதல் இன்றியமையாதது. கிள்ளானில் கிடைத்த பொருள் கிள்ளானிலேயே புழங்கியது எனக் கொள்ளலாகாது. ஈப்போவிலிருந்தோ காரைக்குடியிலிருந்தோ அது வந்திருத்தல் கூடும். குடும்பப் பெயர்களை வெளியிடும்போது உரியவரின் இசைவு பெறுதலும் முறையாகும்.

இப்பணியைத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு செய்ய இயலும். கடைக்குச் செல்லுமுன் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாட்டி வைத்துள்ள சொம்பின் அடியில் என்ன எழுதியுள்ளது என ஒரு மாணவன் படித்துவருவது, பழைய எழுத்து வடிவம், ஊர்ப்பெயர் ஆய்வு, குடும்ப வரலாறு ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்பிக்கும். கல்வெட்டியலைப் பாடநூலில் மட்டும் கண்டவனுக்கு அது தன் வீட்டுச் சமையற்கட்டிலேயே இருப்பது தெரியவரும்.

முடிவுரை

பழம்பொருட்கடையின் காட்சி மாறுவது வணிகத்தின் தேவை. அதனைத் தடுக்க வேண்டியதில்லை; தடுக்கவும் இயலாது. ஆயின், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பொருளோடு ஒட்டிவந்த எழுத்து, அழுக்கு, தழும்பு, வாய்மொழி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உதிர்கிறது. எழுத்தாவணம் குறைந்த ஒரு சமூகத்துக்கு அந்த உதிர்வு பேரிழப்பாகும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது, தோட்டங்கள் நகரங்களாயின, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. எஞ்சியுள்ள சான்றுகள் சில அலமாரிகளிலும் சில கடை மேசைகளிலும் உள்ளன.

பிரிக்பீல்ட்ஸ் சாலைகளுக்கு 2010இல் 'லிட்டில் இந்தியா' என்னும் புதுத்தோற்றம் தரப்பட்டது. வண்ணமும் வளைவும் ஒரு சமூகம் இங்கே உள்ளது என்பதைக் காட்டும். அச்சமூகம் எங்கிருந்து, எவ்வழியே வந்தது என்பதைக் குடத்தின் கழுத்தில் புள்ளிகளாக வெட்டிய ஒரு பெயர் காட்டும். நாம் படியெடுக்கத் தவறிய அக்குடம் இந்நேரம் எவர் வீட்டிலோ பூ மிதக்கும் பாத்திரமாக இருக்கக்கூடும். அடுத்த குடம் மெருகுச் சக்கரத்தை அடையுமுன் நம்மில் ஒருவர் தாளும் பென்சிலுமாக அங்கே இருத்தல் வேண்டும்.